பெத்ரோ பராமோ: முப்பது பக்கத்தில் குழம்பி நிற்பவருக்கு

இந்த நாவலில், தன் அப்பா பெத்ரோ பராமோவைத் தேடி கோமாலா என்ற ஊருக்கு வரும் ஹுவான் பிரெசியாதோ அங்கே சந்திக்கும் ஆட்களில் ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோனவர்கள். “யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே புரியவில்லை, பக்கம் ஏதும் விட்டுப்போச்சா?” என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் விட்டுப்போகவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் காலம்தான். 1955இல் வந்த இந்த மெக்சிகோ நாவலில் அத்தியாயத் தலைப்பே கிடையாது. மகன் ஊருக்குள் நடந்துகொண்டிருப்பான். ஒரு வெற்று வரி தாண்டினால் அவன் அப்பா சிறுவனாக, சின்ன வயதுத் தோழி சூசானாவோடு பட்டம் விட்டதை நினைத்துக்கொண்டிருப்பான்.

ஊரில் எதுவிகேஸ் என்ற பெண்ணின் வீட்டுக்கு ஹுவான் வந்துசேரும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். ஹுவானுக்கு வழிகாட்டி வந்த அபுந்தியோ செத்துப்போனவன் என்று அவள் சொல்வாள். ஹுவானின் செத்துப்போன அம்மா, மகன் வரப்போவதாக அவளிடம் முன்பே சொல்லியிருப்பாள். அப்புறம், ஒவ்வொரு துண்டிலும் கதை சொல்வது ‘நான்’ என்றால் மகன், ‘அவன்’ என்றால் அப்பாவின் காலம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

ஒன்று மட்டும்: மேற்கோள் குறிக்குள் வரும் ‘நான்’ அப்பாவாகவும் இருக்கலாம். பாதி நாவலுக்குமேல் இந்தக் கணக்கே உடையும். ஏன் என்று சொல்ல மாட்டேன், அந்த இடத்தை நீங்களே படித்து அடைய வேண்டும். சின்ன நாவல்தான், தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள்.