நோட்டீஸ் கொடுத்த கையோடு வாடகையையும் வாங்கினால்?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. அண்ணனும் நானும் சேர்ந்து ஒன்பது வருடக் குத்தகைக்கு விட்டோம். குத்தகைதாரர் ஹோட்டல் நடத்துகிறார். பத்திரம் பதிவானது, ஆங்கிலத்தில் இருக்கிறது. இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. எங்களைக் கேட்காமல் இரண்டாம் கட்டை, அதாவது வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியை, வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டார். முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன் அடித்திருக்கிறார், ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்திருக்கிறார். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் போன ஆத்தாவை முகப்பிலேயே காக்க வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு முன் 'டெர்மினேட்' என்று எழுதிப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அவர் மகனோ, "பத்திரத்தில் டிடர்மின் என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் தீர்மானிப்பது. உட்கார்ந்து பேசித் தீர்மானிப்போம்" என்கிறார். காலி செய்ய வைக்க முடியுமா?
ஒரு வாசகர், சென்னை

பதில்: சுவர், கல், ஆத்தாவைக் காக்க வைத்தது எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். அதில் எதுவும் உங்களுக்கு வீட்டை வாங்கித் தராது. சேதத்துக்கு நஷ்ட ஈடு தனியாகக் கேட்கலாம். நீங்கள் அனுப்பிய பத்திர நகலில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஷரத்து: உள்வாடகைக்கு விட்டால் குத்தகை 'ஷால் டிடர்மின்', உடைமையாளர் திரும்ப உள்ளே நுழையலாம். இப்படித் தெளிவாக எழுதிய பத்திரம் அபூர்வமாகத்தான் என் மேஜைக்கு வருகிறது. பதினைந்து நாள் நோட்டீஸ் போதுமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது மாத வாடகைக்கு. காலம் குறித்த குத்தகையை நடுவில் முடிக்க இந்த ஷரத்து ஒன்றுதான் வழி.

மகன் சொல்வது வெறும் பேச்சு. நிலம், வீடு சம்பந்தப்பட்ட உரிமை முடிவதைச் சொல்ல ஆங்கிலச் சட்டத்தில் வெகுகாலமாக இருக்கும் வினைச்சொல்தான் டிடர்மின். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 111ஆம் பிரிவு, குத்தகை எப்படியெல்லாம் முடியும் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்தப் பிரிவின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. உள்ளே ஓரிடத்தில் 'டெர்மினேட்ஸ்' என்றும் வருகிறது. 106ஆம் பிரிவு 'டெர்மினபிள்' என்கிறது. எந்தச் சொல்லைப் போட்டீர்கள் என்பதற்காக எந்த நீதிபதியும் உங்கள் கேஸைத் தள்ளப்போவதில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. நமக்கு 'முடிகிறது' ஒரு வினை, 'முடிக்கிறார்' இன்னொரு வினை. ஆங்கிலத்தில் டெர்மினேட்டும் டிடர்மினும் இரண்டுக்கும் பொது. 'லீஸ் டெர்மினேட்ஸ்' என்றால் தானாக முடிகிறது, 'லெஸர் டெர்மினேட்ஸ் தி லீஸ்' என்றால் லெஸர், அதாவது குத்தகைக்கு விட்டவர், முடிக்கிறார். எக்ஸ்பயர் மட்டும் எப்போதும் 'முடிகிறது'தான், லீஸை யாரும் எக்ஸ்பயர் செய்ய முடியாது. உங்கள் ஷரத்தைப் படித்தால் உள்வாடகைக்கு விட்ட அன்றே குத்தகை தானாக முடிந்துவிட்டதுபோல் தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 111ஆம் பிரிவின் ஜி உட்பிரிவுப்படி, ஷரத்தை மீறியதோடு, குத்தகையை முடிக்கும் எண்ணத்தை நீங்கள் எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். யாராவது முடித்தால்தான் முடியும்.

நீங்கள் முடித்தீர்களா? நோட்டீஸின் கடைசி வரி இது: ஒரு மாதத்தில் சரிசெய்யாவிட்டால் 'வி ஷால் பி கன்ஸ்ட்ரெயின்ட் டு டெர்மினேட்'. ஆபீஸ் கடிதங்களில் ஊறிப்போன இந்த வாக்கியத்துக்கு, 'முடிக்க வேண்டிவரும்' என்று பொருள். இனிமேல், ஒருவேளை, அவர் திருந்தாவிட்டால். எண்ணத்தைத்தானே தெரிவிக்கச் சொல்கிறது சட்டம் என்று உங்கள் பக்கம் வாதாடலாம்தான். ஆனால் சரிசெய்தால் விட்டுவிடுகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். உள்வாடகை மீறலுக்கு அவகாசம் தரவேண்டிய கட்டாயமே இல்லை, 114ஏ பிரிவு அதற்கு விலக்கு அளிக்கிறது. கேட்காத சலுகையை நீங்களாகக் கொடுத்திருக்கிறீர்கள். நோட்டீஸில் அண்ணன் கையெழுத்தும் இல்லை. சேர்ந்து குத்தகைக்கு விட்டவர்களில் ஒருவர் மட்டும் அனுப்பிய நோட்டீஸ் செல்லுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே ஆரம்பிப்பார்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருக்கலாம். கேஸைக் கெடுத்தது உங்கள் பாங்க் பாஸ்புக்.

நோட்டீஸுக்குப் பிறகும் மாதாமாதம் வாடகை உங்கள் கணக்கிலும் அண்ணன் கணக்கிலும் வரவாகியிருக்கிறது. 112ஆம் பிரிவைப் படியுங்கள். ஷரத்து மீறலால் குத்தகை பறிபோனது தெரிந்தும், அதற்குப் பிறகு சேர்ந்த வாடகையை உடைமையாளர் வாங்கினால், அந்த மீறலை அவர் மன்னித்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 113ஆம் பிரிவு நோட்டீஸுக்கும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. பணம்தானே, வந்தால் வரட்டும் என்று பங்காளிகள் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளின் வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: ஒரு பங்காளி நோட்டீஸ் அனுப்புவார், இன்னொரு பங்காளி சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு தன் பங்கு வாடகைக்கு ரசீது போடுவார்.

உச்ச நீதிமன்றம் 2006இல் ஸரூப் சிங் குப்தா வழக்கில், நோட்டீஸுக்குப் பின் வாடகை வாங்கியது மட்டும் போதாது, குத்தகை தொடரட்டும் என்ற எண்ணமும் தெரிய வேண்டும் என்று சொன்னது. இதை நம்பி நிறையப் பேர் தைரியமாக வாங்குகிறார்கள். அது நோட்டீஸ் கொடுத்து முடிக்கும் மாத வாடகை வழக்கு, அந்த உடைமையாளர் காலி செய்யக் கோரி வழக்கும் போட்டிருந்தார். நீங்கள் ஆறு மாதம் சும்மா இருந்தீர்கள். போதாததற்கு, வருடாந்திர ஐந்து சதவீத உயர்வை ஏன் சேர்க்கவில்லை என்று மூன்றாவது மாதம் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறீர்கள். குத்தகை தொடரவேண்டும் என்ற எண்ணத்துக்கு இதைவிடச் சாட்சி எதற்கு? அவர் டிடிஎஸ், அதாவது வாடகையிலேயே கழிக்கும் வருமான வரி, பிடித்து, அது உங்கள் வரிக் கணக்கில் 'வாடகை' என்று ஏறி, அதை வருமானமாகக் காட்டி நீங்கள் ரிட்டர்னும் போட்டிருந்தால், குறுக்கு விசாரணையில் உங்களிடம் பதில் இருக்காது.

கணக்கில் தானாக வந்து விழும் பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். திருப்பி அனுப்ப வேண்டும். அல்லது வந்த வாரமே, இது வாடகை இல்லை, அனுமதியின்றி இருப்பதற்கான நஷ்ட ஈடாக, உரிமைக்குப் பாதகமின்றி வரவு வைக்கிறோம் என்று எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் விட, வழக்கை உடனே போட்டிருக்க வேண்டும். மீறலைக் காரணம் காட்டி வழக்குப் போட்டபின் வாங்கும் வாடகை மன்னிப்பாகாது என்று 112ஆம் பிரிவே சொல்கிறது. அதற்கு முன்னால் வாங்கியதுதான் வினை.

இன்னொன்று. புது நோட்டீஸில் 'கேன்சல்', ஆரம்பம் முதலே செல்லாது என்றெல்லாம் எழுதத் துடிக்கிறீர்கள் போலிருக்கிறது. குத்தகை முதலிலிருந்தே இல்லை என்றால் பாக்கி வாடகையையும் ஐந்து சதவீத உயர்வையும் எந்தப் பத்திரத்தை வைத்துக் கேட்பீர்கள்?

உள்வாடகைக்காகக் குத்தகையைப் பறிக்கும் உரிமை போய்விட்டது என்றுதான் நான் கணக்குப் போடுவேன். கிராம ஊராட்சி என்பதால், நகர்ப் பகுதிகளுக்கான தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் வாடகை நீதிமன்றமும் உங்களுக்கு இல்லை. சிவில் கோர்ட்தான். இன்று வழக்குப் போட்டால் மீதிப் பதினான்கு மாதமும் வாய்தாவிலேயே போய்விடும்.

ஆகவே சமாதானம் பேசுங்கள். பெரியவர் ஒருவரை நடுவில் வைத்து, ஐந்தாறு மாதத்தில் ஒரு தேதி குறித்து, குத்தகையை ஒப்படைக்கும் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸை எப்போது திருப்புவது, கல்லுக்கும் சுவருக்கும் எவ்வளவு கழிப்பது, உள்வாடகைக்காரர் எப்போது வெளியேறுவார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அண்ணனும் கையெழுத்துப் போடட்டும். குத்தகைதாரர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் மீதி மாதங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழியுங்கள். கடைசி நாளுக்கு முன்பே, இனி நீட்டிப்பு இல்லை என்று இருவரும் கடிதம் கொடுங்கள். அந்த நாளுக்கு மறுநாளிலிருந்து அவர் அனுப்பும் ஒரு ரூபாயைக்கூட வாடகை என்று வாங்காதீர்கள். வாங்கினால் 116ஆம் பிரிவைக் காட்டி மாத வாடகைக்காரராக அவர் அங்கேயே உட்கார்ந்துகொள்வார். இதை அண்ணனிடமும் சொல்லிவையுங்கள், முக்கியமாக அவருடைய பாங்க் கணக்கைப் பார்த்துக்கொள்பவரிடம்.