மலை வீட்டின் மரத்தளம்: பழுது பார்ப்பதா, பிரித்துப் போடுவதா?

கோத்தகிரிக்கு அருகே சரிவில் வீடு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டின் பின்பக்கம், பள்ளத்தைப் பார்த்தபடி 20 அடிக்கு 12 அடி அளவில் ஒரு மரத்தளம் இருக்கிறது. இப்போது எல்லோரும் டெக் என்கிறார்கள். போட்டு 16 ஆண்டுகள் ஆகின்றன. மேலே ஓர் அங்குலத் தேக்குப் பலகை, கீழே சில்வர் ஓக் சட்டங்கள், கால்கள் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். ஒரு பக்கம் வீட்டுச் சுவரோடு பிணைத்திருக்கிறது. மறுபக்கம் தரையிலிருந்து 9 அடி உயரம். பலகைகள் வெளுத்துப் பாசி பிடித்திருக்கின்றன. நான்கைந்து இடங்களில் கால் வைத்தால் அமுங்குகின்றன. வழக்கமாக வரும் ஆசாரி அந்தப் பலகைகளை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். ஒப்பந்தக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்கிறார். மாமனாரும் மாமியாரும் மாலையில் உட்காரும் இடம் அது. யார் சொல்வதைக் கேட்பது?"

உடனே செய்யவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிப்பகுதியைப் பரிசோதித்து முடிக்கும் வரை பெரியவர்களின் நாற்காலிகளை வீட்டுக்குள் சன்னல் ஓரமாகப் போட்டுவிடுங்கள். கிராதியில் யாரும் சாயவேண்டாம். வீட்டு பால்கனிகளுக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ, பாரம் கணக்கிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 சொல்கிறது. உங்கள் தளம் 22 சதுர மீட்டர் இருக்கும். எனவே அது 6.5 டன்னுக்கு மேல் தாங்கக்கூடியதாக இருக்கவேண்டும். அன்றாடம் இரண்டு பேர் உட்காரும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வராது. விசேஷத்துக்கு வந்த உறவினர்கள் படம் எடுத்துக்கொள்ளக் கிராதி ஓரமாக நெருக்கி நிற்கும் நேரத்தில்தான் அது சோதனைக்கு உள்ளாகிறது.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி, பலகை அமுங்குகிறது என்பதுதான். வைரம் பாய்ந்த ஓர் அங்குலத் தேக்குப் பலகை, ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி இடைவெளியில் சட்டங்கள் தாங்கும்போது, ஓர் ஆள் நின்றதற்காக அமுங்காது. அது அமுங்கினால் கீழே சட்டம் மெத்துப்போயிருக்கவேண்டும், அல்லது ஆணி பிடிக்க அங்கே மரம் இல்லாமல் போயிருக்கவேண்டும். ஆகவே, அந்தப் பலகைகளை மட்டும் மாற்றினால், புதுப் பலகையை அதே மெத்துப்போன சட்டத்தில் அறைந்ததாகத்தான் முடியும். ஒரு மழைக்காலம் தாண்டினால் மறுபடியும் அமுங்கும்.

மரம் உளுத்துப்போவதற்குக் காரணம் பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அந்தப் பூஞ்சையால் வேலை செய்ய இயலாது. அதைத் தாண்டி ஈரம் நீடித்தால் அது வளரத் தொடங்குகிறது. சமவெளியில் மழை நின்ற நான்கைந்து நாளில் மரம் காய்ந்துவிடும். நீலகிரியில் அப்படி இல்லை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்கிறது என்றால், கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி அடைமழையும் கார்த்திகைக் கனமழையும்தான் பெரிய மழை. அது ஓய்ந்த பிறகும் பனிமூட்டம் விடுவதில்லை. காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டில் நின்றால், ஒரு சொட்டு மழை படாத மரம்கூட ஏறக்குறைய 20 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கிக்கொள்ளும். அதனால் நம் ஊரில், நீர் எங்கே தேங்குகிறது என்பதைவிட, நனைந்த இடம் எவ்வளவு விரைவில் காய்கிறது என்பதே மரத்தின் ஆயுளை முடிவு செய்கிறது. வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் பலகை காய்ந்துவிடுகிறது. இரண்டு மரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் காய்வதில்லை.

எனவே வெளுப்பையும் பாசியையும் கண்டு கலங்கவேண்டாம். வெயில் பட்ட மரத்தின் மேற்பரப்பு சாம்பல் நிறமாவது இயல்பு. அது தோலோடு நிற்பது, இழைப்புளியால் அரைக்கால் அங்குலம் இழைத்தால் உள்ளே பழைய தேக்கு நிறம் தெரியும். பாசி வழுக்கும், அந்த அளவில் ஆபத்துதான். ஆனால் அது மரத்தைத் தின்பதில்லை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு நல்ல தேக்குப் பலகைகளை விறகு விலைக்குக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்காத காட்சி அது.

மர வகையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும். மண்ணில் நட்ட மரத்துண்டு எத்தனை மாதம் தாங்குகிறது என்பதைக் கொண்டு ஐ.எஸ். 401 மரங்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது: 120 மாதத்துக்கு மேல், 60 முதல் 120 மாதம், 60 மாதத்துக்குக் கீழ். தேக்கின் வைரம் முதல் வகுப்பு. ஆனால் அதே தேக்கின் ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பெருமை கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக், மருந்து ஏற்றாமல் வெட்டவெளியில் மழைக்கு நிறுத்தத் தக்க மரம் அன்று. கற்பூர மரம் இடைப்பட்டது; காயும்போது நீளவாக்கில் பிளப்பது அதன் சுபாவம், அந்தப் பிளவு வழியே நீர் உள்ளே இறங்கும். உங்கள் தளத்தில் மிக நல்ல மரம் மேலேயும், மிக எளிய மரம் பாரம் தாங்கும் இடத்திலும் அமைந்துவிட்டது. மலையில் பல வீடுகளில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பணத்தைப் போடத் தோன்றுவது இயல்புதானே.

இனிப் பரிசோதனை. ஒரு கெட்டியான திருப்புளியும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு தளத்தின் அடியில் போங்கள். அட்டை இருக்கும், காலுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கால்கள். ஒவ்வொரு காலையும் சுற்றி அரை அடி ஆழத்துக்கு மண்ணை ஒதுக்கிவிட்டு, மண் மட்டத்துக்குச் சற்று மேலும் கீழும் திருப்புளியை அழுத்துங்கள். நல்ல மரம் நுனியை உள்ளே விடாது. நெம்பினால் நீள நாராகப் பிளக்கும். உளுத்த மரத்தில் நுனி கால் அங்குலத்துக்கு மேல் தடையில்லாமல் இறங்கும். நெம்பினால் நார் வராது, ரொட்டித் துண்டு போலச் சட்டென்று ஒடியும். கான்கிரீட்டுக்குள் நட்ட கால்களில் மரமும் கான்கிரீட்டும் சேரும் விளிம்பில் பாருங்கள். மரம் சுருங்கியதும் அங்கே ஒரு கிண்ணம் உண்டாகி ஆண்டு முழுவதும் நீர் தேங்குகிறது. அடுத்து, சுவரோடு ஒட்டிய சட்டம். அது போல்ட் போட்டு நிற்கிறதா, வெறும் ஆணியில் தொங்குகிறதா? மேலே நீர் தடுக்கத் தகடு இருக்கிறதா? வீட்டுக்குள் அதே உயரத்தில் சுவர் ஓதம் காத்திருக்கிறதா? தளம் மொத்தமாகச் சாய்ந்து விழும் விபத்துகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தச் சுவர்ப் பிணைப்புதான். ஆகையால் இங்கே சந்தேகம் என்றால் சந்தேகத்தின் பக்கமே நில்லுங்கள்.

கடைசியாகக் குறுக்குச் சட்டங்கள். இவற்றை அடியிலிருந்து மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. குன்னூரில் ஒரு வீட்டில், அடியில் தட்டினால் கணீரென்று ஒலித்த சட்டம் ஒன்றின் மேல் பலகையைக் கழற்றினோம். பலகை நன்றாக இருந்தது. சட்டத்தின் மேல்முகத்தில், பலகை இடுக்கு வழியே விழுந்த இலைச்சருகு இரண்டு விரல் கனத்துக்கு மக்கிக் கிடந்தது. அதைத் துடைத்துவிட்டு விரலால் சுரண்டினேன். வடிகட்டிய தேயிலைச் சக்கை போலக் கையோடு வந்தது. ஆணி இறங்கிய ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கறுத்த வட்டம். துரு ஒரு பக்கம், உளு ஒரு பக்கம். அடிமுகம் மட்டும் ஒரு பலகை கனத்துக்கு உறுதியாக இருந்ததால்தான் தட்டியபோது ஏமாற்றியது. ஆகவே அமுங்கும் இடங்களில் மூன்று பலகை, நன்றாக இருப்பதாகத் தோன்றும் இடத்தில் இரண்டு பலகை என்று கழற்றி, மேல்முகத்தைப் பார்த்தே தீரவேண்டும்.

முடிவெடுக்க நான் கைக்கொள்ளும் அளவுகோல் இது. கால்களும் உத்தரங்களும் சுவர்ச் சட்டமும் உறுதியாக இருந்து, குறுக்குச் சட்டங்களில் மூன்று நான்கு மட்டும், அவையும் அடுத்தடுத்து இல்லாமல், போயிருந்தால் பழுது பார்க்கலாம். போன சட்டத்தோடு முழு நீளத்துக்குப் புதுச் சட்டம் ஒன்றை இணைத்து போல்ட் போட்டால் போதும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் அடிச்சட்டம் முழுவதையும் மாற்றிவிடுவதே சிக்கனம், ஏனென்றால் பலகைகளைக் கழற்றி மாட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், மீதமுள்ள சில்வர் ஓக்குக்கும் அதே வயதுதான்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் தளம் இரண்டாவது வகையில் வரும் என்றே எண்ணுகிறேன். அப்படியானால் என் ஆலோசனை, ஆசாரி சொன்னதற்கு நேர் எதிரானது: பலகைகளை வைத்துக்கொள்ளுங்கள், அடியில் இருப்பதை மாற்றுங்கள். 240 சதுர அடிக்கு ஓர் அங்குலப் பலகை என்றால் உங்களிடம் 20 கன அடித் தேக்கு இருக்கிறது. மொத்தத்தில் விலை உயர்ந்த பொருள் அதுதான். புதிதாக வேண்டியது, 5க்கு 2 அங்குலத்தில் 12 அடி நீளச் சட்டம் 16, ஏறத்தாழ 13 கன அடி. அதோடு நடுவே ஓர் உத்தரம், ஓரத்து உத்தரம், கால்கள். மருந்து ஏற்றிய நாட்டு மரத்தில் இதைச் செய்தால், புதுத் தேக்குத் தளம் போடும் செலவைவிடக் கணிசமாகக் குறையும். மேட்டுப்பாளையம் மரக்கடைகளில் கன அடி விலை கேட்டு நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

பலகைகளைக் கழற்றும்போது ஆணியை மேலிருந்து நெம்பாமல், அடியில் ரம்பத் தகடு விட்டு அறுத்தெடுக்கச் சொல்லுங்கள். உளு கண்டிருந்தால் பெரும்பாலும் இரு முனைகளில்தான் இருக்கும். அதை வெட்டிவிட்டு, திருப்பிப் போட்டால் வெயில் படாத முகம் மேலே வரும். நீளம் குறைந்தால் இரண்டு பலகை சேரும் இடத்தில் இரட்டைச் சட்டம் கொடுங்கள். ஒரே சட்டத்தில் இரண்டு முனைகளையும் நெருக்கி அறைவதுதான் அடுத்த உளுவுக்கு விதை. சட்டங்களின் மேல்முகத்தில் தார் ஃபெல்ட் பட்டை, பலகைகளுக்கிடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி, ஆணிக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி, மண்ணிலிருந்து அரை அடிக்கு மேல் எழுப்பிய கான்கிரீட் குட்டித்தூண், அதன்மேல் துத்தநாகம் பூசிய இரும்புப் பாதம், அதன்மேல் கால். சமவெளியிலிருந்து வரும் காய்ந்த மரம் மலைக்கு வந்ததும் ஈரம் வாங்கி உப்பும். இரண்டு மூன்று வாரம் நிழலில், காற்றுப் படும்படி அடுக்கி வைத்த பிறகே வேலை தொடங்குங்கள். சனவரி முதல் மார்ச் வரை இதற்கு ஏற்ற காலம்.

மருந்து ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த கலவையை 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கியவர் சொண்டி காமேசன் என்ற இந்தியர். உலகமெங்கும் மின்கம்பங்களுக்கும் தளங்களுக்கும் அது பயன்பட்டது. ஆர்சனிக் இருப்பதால் அது அடிச்சட்டத்துக்கும் கால்களுக்கும் மட்டும் போதும். கையும் காலும் படும் பலகைக்கும் கிராதிக்கும் வேண்டாம். வெட்டிய முனைகளில் மறுபடியும் மருந்து தடவவேண்டும். அந்தத் துண்டுகளைக் குளிர்காய்வதற்கோ வெந்நீர் அடுப்புக்கோ எரித்துவிடாதீர்கள். புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும்.

கான்கிரீட் தவறான பொருள் அன்று, ஆனால் 9 அடி உயரத்தில், சரிவில், அது வேறொரு கட்டுமானம்: புது அடித்தளம், மண் பரிசோதனை, உள்ளாட்சி அமைப்பின் அனுமதி எல்லாம் தேவைப்படும். இரும்புச் சட்டம் போடலாம். வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு கருகிவிடும் என்பதை மறக்கக்கூடாது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைக்கு இன்னும் நெருக்கமாகச் சட்டம் வேண்டும், உங்கள் தேக்கு இருக்கும்போது அது தேவையில்லை. தோட்டத்திலேயே நிற்கும் மரத்தை வெட்டி அறுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 இருக்கிறது. சொந்த நிலமானாலும் அனுமதி பெற்றே வெட்டவேண்டும்.

பூச்சு விஷயத்தில் பளபளக்கும் வார்னிஷைத் தவிர்த்துவிடுங்கள். அது ஓரிடத்தில் வெடித்ததும் நீர் உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் நிற்கும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சே இங்கே பொருந்தும். சட்டங்களுக்கு நம் ஊர் முந்திரிக்கொட்டை எண்ணெயும் ஆகும், காய நாளாகும், தோலில் பட்டால் புண்ணாகும் என்பதால் கையுறை அவசியம். கிராதியின் உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாமலும், கம்பிகளுக்கிடையே குழந்தையின் தலை நுழையாமலும் இருக்கட்டும். ஜெரேனியத் தொட்டிகளைப் பலகைமேல் நேராக வைக்காமல், அடியில் காற்றுப் புகும்படி கால் வைத்த தட்டின்மேல் வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால், புரட்டாசியில், ஒரு மெல்லிய தகட்டை விட்டுப் பலகை இடுக்குகளில் அடைந்த சருகைக் கிளறி எடுத்துவிடுங்கள்.