மஞ்சள் செவர்லே: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். பழைய அமெரிக்கக் கார்கள் என்றால் பைத்தியம். நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை, எல்லாம் யூட்யூபில்தான். போன மாதம் ‘பிராஜெக்ட் எக்ஸ்’ என்ற மஞ்சள் நிற 1957 செவர்லே பற்றி ஒரு காணொளி பார்த்தேன். தெருவிலும், நேர்க்கோட்டில் யார் முந்துகிறார்கள் என்று பார்க்கும் டிராக் பந்தயத்திலும் பேர் வாங்கிய கார். அதன் எட்டு சிலிண்டர் வி8 என்ஜினைத் தூக்கிவிட்டு மின்மோட்டார் வைத்திருக்கிறார்கள். கோயிலில் மூலவரைப் பெயர்த்து எடுத்ததுபோல இருந்தது. அந்தச் சத்தம் போன பிறகு அந்தக் காரில் என்ன இருக்கிறது? ஏலத்துக்கு வந்தால் இனி அதற்கு என்ன விலை கிடைக்கும்?

என் அப்பாவின் 1986 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்பது வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. மின்சாரக் காராக மாற்றிவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. மாற்றலாமா, கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் முன்னால் ஒரு தகரப்பெட்டி திறந்து கிடந்தது. என் மாமாவின் பெட்டி. அவர் இறந்து பல வருடங்கள் கழித்து, வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து கிடைத்து, அத்தை கொடுத்தனுப்பினார். உள்ளே இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ், இரும்பில் கோடு கீறும் மழுங்கிய இரண்டு ஸ்க்ரைபர், நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் தாள். தாளில் உங்கள் மஞ்சள் கார். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

விலையை விடுங்கள். அது நமக்கு வேண்டாத கணக்கு.

சத்தத்துக்கு வருவோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. கைபேசியின் பொட்டு அளவு ஸ்பீக்கர் வழியாக வந்ததைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்காத ஒன்றுக்காக இவ்வளவு அழும்போது கொஞ்சம் நின்று, உண்மையில் எதற்காக அழுகிறோம் என்று பார்க்க வேண்டும். மூலவரைப் பெயர்த்தார்கள் என்கிறீர்களே, எந்த மூலவரை? ‘பாப்புலர் ஹாட் ராடிங்’ என்ற அமெரிக்க கார் பத்திரிகைக்காரர்கள் 1965ல் அந்தக் காரை 250 டாலருக்கு வாங்கினார்கள். எட்டு வயதான பழைய கார். வாங்கியதே கழற்றிப் பார்ப்பதற்காக. சின்ன வி8, பெரிய வி8 என்று அதில் என்ஜின்கள் வந்தபடியும் போனபடியும் இருந்தன. 1980ல் ஒரு ஹாலிவுட் படத்தில் ஓடியது. 2007ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதைப் பெரிதாகப் புதுப்பித்தபோது அடிச்சட்டமும் சஸ்பென்ஷனும்கூட மாறின. இத்தனைக்கும் பிறகு 2021ல் லாஸ் வேகாஸ் கண்காட்சிக்காக 30 கிலோவாட் மணி பேட்டரியும், சுமார் 340 குதிரைத்திறன் மோட்டாரும் உள்ளே போயின. இதில் எந்த என்ஜின் அசல், சொல்லுங்கள். நிலையாக ஓர் என்ஜின் அந்தக் காருக்கு இருந்ததே இல்லை.

அந்தக் கார் ஏன் 1957 செவர்லே என்று யோசித்திருக்கிறீர்களா? அழகுக்காக என்று நினைப்பீர்கள். துடுப்பு வைத்த பின்பக்கம், குரோம், எல்லாம் சரி. ஆனால் அது பெல் ஏர் இல்லை. பெல் ஏர் பணக்கார மாடல். பிராஜெக்ட் எக்ஸ் அதற்குக் கீழே இருந்த 210, நடுத்தரக் குடும்பத்து வண்டி. அலங்காரம் குறைவு, விலையும் குறைவு. செவர்லே 1955ல் கொண்டுவந்த சின்ன வி8 ஆரம்பத்தில் 265 கன அங்குலக் கொள்ளளவு, 57ல் 283. அந்த ஆண்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த மேல்தர என்ஜின் 283 குதிரைத்திறன் தந்தது, அதாவது கன அங்குலத்துக்கு ஒரு குதிரை, அப்போது அது ஊரெல்லாம் பேசிய கணக்கு. அதைவிடப் பெரிய விஷயம், அந்த என்ஜின் குடும்பம் பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்தது. காயலான் கடையில் கிடைத்த பின்னாள் என்ஜின் ஒன்றை வாங்கிவந்து பழைய வண்டிக்குள் அதிகம் வெட்டாமல் ஒட்டாமல் உட்காரவைத்துவிடலாம். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் இருபது வயதுப் பையனுக்கு அது எட்டும். அவன் திங்கள் முதல் சனி வரை அதே காரில் வேலைக்குப் போவான், ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரத்துக்கு வழவழப்பான ஸ்லிக் டயர் மாட்டிக்கொண்டு டிராக்குக்குப் போவான். கால் மைல், 402 மீட்டர், நேர்க்கோடு, அவ்வளவுதான் பந்தயம்.

அந்தக் கால் மைல் எங்கே கிடைத்தது? கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் 1950ல் விமான நிலையத்தின் ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடினார்கள். போருக்காகப் போட்ட ஓடுதளங்கள் போர் முடிந்து சும்மா கிடந்தன, ராணுவத்தில் என்ஜின் வேலை கற்றவர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள், இரண்டும் சேர்ந்துகொண்டன. அடுத்த ஆண்டே வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பித்தார் (வேகத்துக்காகப் பிரித்துக் கட்டிய காரைத்தான் ஹாட் ராட் என்பார்கள்), பையன்கள் தெருவில் ஓட்டிச் சாகாமல் ஒழுங்கான இடத்தில் ஓட்டட்டும் என்று. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் சோழவரமும் அப்படி ஒரு போர்க்கால ஓடுதளம்தான். அங்கேதான் என் மாமா எனக்குப் பந்தயம் காட்டினார்.

அவருக்கு அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறை. பட்டறை என்றால் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பெஞ்ச். மாதத்தில் ஒரு ஞாயிறு மூர் மார்க்கெட்டுக்குப் போவார், நானும் போவேன். பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டு கார் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். மாமாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். படத்தைப் பார்த்து வாங்குவார், எட்டாம் வகுப்பில் இருந்த நான் படித்துச் சொல்ல வேண்டும். பாதி வார்த்தை எனக்கும் புரியாது. நான் தப்பாகச் சொல்வதை அவர் படத்தைப் பார்த்துத் திருத்துவார். “அது அப்படி இருக்காதுடா, அப்படி இருந்தா வால்வு மூடாது, மறுபடி படி.”

ஒருமுறை சோழவரத்தில் ஓட்டுவதற்காக ஒரு பையனின் புல்லட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார். கம்ப்ரஷனைக் கூட்டியிருந்தார், அதாவது பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடத்தைக் குறைத்திருந்தார். வால்வு இறங்கும்போது பிஸ்டன் தலையில் இடிக்குமா என்று சந்தேகம். என்ஜினை மூடிவிட்டால் உள்ளே பார்க்க வழியில்லை, ஓட்டிப் பார்த்துத்தான் தெரியும், இடித்தால் எல்லாம் போச்சு. அப்போது ஒரு பத்திரிகையில் நான் படித்துச் சொன்ன வழி இது. பிஸ்டன் தலையில் களிமண் வை. வால்வில் எண்ணெய் தடவு, ஒட்டாமல் இருக்க. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை மாட்டி இறுக்கு. கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. ஹெட்டைக் கழற்று. களிமண்ணில் வால்வு பதிந்திருக்கும். அதைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிஞ்சிய கனத்தை அளந்து பார். பிளாஸ்டிசின் என்று போட்டிருந்தது, குழந்தைகள் பொம்மை செய்யும் காயாத களி அது, எனக்கு அர்த்தம் தெரியாமல் களிமண் என்று சொன்னேன். மாமா விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார் செய்பவரிடம் போய் ஓர் உருண்டை வாங்கி வந்தார்.

களிமண்ணை வெட்டியபோது அவர் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டராவது இருக்க வேண்டிய இடத்தில் பிளேடின் கனம்தான் இருந்தது. அன்று ராத்திரியே பிஸ்டன் தலையில் வால்வுக்கான பள்ளத்தை ஆழப்படுத்தினார். பந்தயத்தில் அந்த வண்டி ஜெயிக்கவில்லை. ஆனால் எதுவும் உடையாமல் திரும்பி வந்தது, மாமா அன்று எனக்கு இரண்டு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது சொல்கிறேன், எஸ். அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் கையால் செய்து பார்த்ததை எழுதி வைத்ததால் அம்பத்தூரில் ஒரு புல்லட்டின் வால்வு பிழைத்தது. பிராஜெக்ட் எக்ஸின் பெருமையும் இதேதான், வேறு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் அதைவிட வேகமான கார்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தெருவில் ஓட்டியவர்கள் என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே விடவே மாட்டார்கள், பானெட்டைத் திறக்க மாட்டார்கள், வால்வைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்ட்டின் அளவைக் கேட்டால் பொய் சொல்வார்கள். பந்தயத்தில் அதுதான் வழக்கம். இந்த மஞ்சள் கார் மட்டும் பானெட்டைத் திறந்து வைத்தே வாழ்ந்தது. என்ன போட்டோம், எப்படிப் போட்டோம் என்று படத்தோடு எழுதினார்கள், நீயும் செய் என்று சொன்னார்கள். எத்தனை பேர் அதைப் பார்த்துத் தங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு 57ஐக் கழற்றினார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. அந்தக் காரில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அது அவர்கள்தான். தகரமும் மஞ்சள் பெயிண்டும் அதற்கு ஒரு முகவரி, அவ்வளவுதான்.

உங்களிடம் எனக்கு வருத்தம் இதில்தான். ‘பாப்புலர் ஹாட் ராடிங்’ 2014ல் நின்றுபோனது. 1962ல் தொடங்கிய பத்திரிகை. மோட்டார் வருவதற்கு ஏழு வருடம் முன்பே அந்தக் காரின் நாக்கு போய்விட்டது. அதற்கு யார் அழுதார்கள்? நீங்கள் அழவில்லை, உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது, என்ஜினைத் தூக்கியதும் மட்டும் மூலவர் போய்விட்டார் என்று கடிதம் வருகிறது.

மின்மோட்டார் வந்தால் டிராக் பந்தயம் செத்துவிடும் என்று பேசுபவர்களுக்கு டிராக் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸைக் காட்டுவேன். 1970ல் லாங் பீச்சின் லயன்ஸ் டிராக்கில் டிரான்ஸ்மிஷன் வெடித்து வலது பாதத்தின் முன்பாதி போனது. அவர் என்ன செய்தார்? அடுத்த ஆண்டே, என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும்படி வண்டியையே மாற்றிக் கட்டி வந்து ஜெயித்தார், டிராக் உலகமே அவர் பின்னால் போனது. அதே மனிதர் 2014ல், 82 வயதில், மின்சார டிராக்ஸ்டரில், அதாவது டிராக் பந்தயத்துக்கென்றே கட்டிய நீள வண்டியில், உட்கார்ந்து மணிக்கு 184 மைல் தொட்டார். அவர் வாழ்நாள் முழுக்க காதைக் கிழிக்கும் நைட்ரோ எரிபொருள் என்ஜின்களின் நடுவே இருந்தவர், சத்தம் பற்றி அவரைவிட உங்களுக்கும் எனக்கும் அதிகம் தெரியாது.

எனக்குப் பயம் வேறு. 400 வோல்ட் பேட்டரிப் பெட்டியை ஒரு லேத்காரர் ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது, தொட்டால் உயிர் போகும். களிமண் வைத்து அளக்க அதில் ஒன்றும் இல்லை. அப்படியானால் இன்னும் நன்றாக, இன்னும் பொறுமையாக எழுதி வைக்க வேண்டாமா? இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்த அளவு தப்பினால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்புப் பையன் தன் மாமாவுக்குப் படித்துச் சொல்லும்படி எழுத ஆள் வேண்டும். நீங்கள் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். உங்களுக்கு எவ்வளவு தெரியும், அதில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள்? நான்கு மணி நேரம் காணொளி பார்க்க நேரமிருப்பவருக்கு ஒரு பக்கம் எழுத நேரமிருக்கும்.

என் மாமா எதையும் எழுதவில்லை. முப்பது வருடம் அவர் கையில் இருந்தது எல்லாம் அவரோடு போனது. பட்டறையைக் காலி செய்த அன்று நான் வெளியூரில் இருந்தேன், சாமான்களை எடை போட்டு விற்றுவிட்டார்கள். ஹெட் கடைய அவரே செய்துவைத்திருந்த ஜிக் என்ற பிடிமானம் ஒன்று உண்டு, அதை என்ன அளவில் செய்தார் என்று இன்று சொல்ல ஒருவரும் இல்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்தார், நான்தான் மறந்துவிட்டேன். தகரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

பத்மினிக்கு வருவோம். மின்சாரத்துக்கு மாற்ற அங்கீகாரம் பெற்ற கிட் வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் மாற்ற வேண்டும், அதையெல்லாம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மாற்றுவது பாவமா என்றால், இல்லை. மாற்றாமல் இருப்பதும் பாவமில்லை. ஒன்பது வருடம் தார்ப்பாய்க்குள் போட்டு வைத்ததுதான் தப்பு, அதை இந்த ஞாயிறு சரிசெய்யுங்கள். தார்ப்பாயை எடுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அப்பாவை உட்காரவையுங்கள். மாற்றலாமா கூடாதா என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் அவர் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாரே. கார்புரேட்டரை எப்படிச் செட் செய்வீர்கள் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகாதபோது முதலில் எதைத் துடைப்பீர்கள் என்று கேளுங்கள். கிளட்ச் எத்தனை தடவை மாற்றினீர்கள், யாரிடம், அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். நீங்கள் ஸ்பானர் பிடியுங்கள், அவர் சொல்லட்டும். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்கள் படித்த டிப்ளமோ வார்த்தையில் திருத்தி எழுதாதீர்கள்.

நோட்டு நிறைந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மோட்டார் விஷயத்தை அதற்கப்புறம் பேசுவோம். அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.