மகனின் கணக்கு விற்கச் சொல்கிறது, மனசு ஒப்பவில்லை: ரப்பர் தோட்டத்தை என்ன செய்வது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 57. குமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு 150 சென்ட் ரப்பர் தோட்டம் இருக்கிறது. 280 மரங்கள், நட்டு 28 வருடம் ஆகிறது. கணவரும் நானும் சேர்ந்துதான் பால் வெட்டினோம். அவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. இப்போது நான் மட்டும் வெட்டுகிறேன். போன வருடம் 600 கிலோ ஷீட் (பாலை உறையவைத்து உலர்த்திய ரப்பர் தகடு) கிடைத்தது. சராசரியாகக் கிலோ 190 ரூபாய்க்குக் கொடுத்தேன். தோட்டத்தை 60 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். விற்றுவிட்டு, மார்த்தாண்டத்தில் கட்டிக்கொண்டிருக்கும் வணிக வளாகத்தில் 52 லட்சத்துக்கு ஒரு கடை வாங்கலாம் என்கிறான் சென்னையில் வேலை பார்க்கும் என் மகன். மூன்று வருடத்துக்கு மாதம் 38,000 ரூபாய் வாடகை உறுதியாம். பத்து வருடத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். அதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை, ஆனால் மனசு ஒப்பவில்லை. கடையைப் பார்க்கப் போனபோது விற்பவர் நன்றாகத்தான் பேசினார். மூலப் பத்திரத்தின் நகல் கேட்டதும் டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். அதன்பின் அந்தப் பேச்சே எழவில்லை. மாதம் 12,000 ரூபாய் இருந்தால் எனக்குப் போதும். கணக்கை நம்புவதா, மனசை நம்புவதா?

பதில்: அம்மா, அந்தக் கடையை வாங்காதீர்கள். தோட்டம் முழுவதையும் விற்கவும் வேண்டாம். அதற்காக இப்படியே வைத்துக்கொண்டு வெட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

முதலில் அந்த டீ. ‘மனசு ஒப்பவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை மனசின் கணக்கில் எழுத மாட்டேன். பத்திரம் கேட்டபோது ஒருவர் பேச்சை மாற்றினார் என்பது நீங்கள் கண்ணால் கண்டது. உங்கள் மகனின் கணக்கில் இருக்கும் எந்த எண்ணுக்கும் அது குறைந்ததல்ல. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் ‘ஏனோ பிடிக்கவில்லை’ என்று சொன்னால் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: என்ன பார்த்தீர்கள்? அதற்குப் பதில் இருந்தால் அந்த உள்ளுணர்வுக்கு மதிப்புக் கொடுப்பேன். பதில் இல்லையென்றால் அதைத் தற்காலிகமாக ஓரமாக வைக்கச் சொல்வேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் கேரி கிளைன் என்ற உளவியலாளர் தீயணைப்புப் படைத் தலைவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். அவர் பதிவு செய்த சம்பவம் ஒன்று. ஒரு வீட்டின் சமையலறையில் தீ. தண்ணீர் அடித்தும் தீ அடங்கவில்லை. எல்லாரும் வெளியே வாருங்கள் என்று தலைவர் கத்தினார். ஏன் என்று அவருக்கே தெரியாது. வெளியே வந்த சற்று நேரத்தில் தளம் இடிந்து உள்ளே விழுந்தது. தீ இருந்தது கீழே, நிலவறையில். அறை வழக்கத்தைவிட அமைதியாக இருந்ததும் காது சுட்டதும் அவருக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் உடம்பு முன்பே பார்த்துவிட்டிருந்தது. உள்ளுணர்வைச் சந்தேகத்துடனே பார்த்தவர் பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானெமன். இந்த இருவரும் 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்புவதற்கு இரண்டு நிபந்தனைகள் சொன்னார்கள். தொழில் ஓர் ஒழுங்குக்குள் நடக்க வேண்டும். செய்ததற்கான பலன் உடனுக்குடன் கண்ணில் பட்டு, பலகாலம் பழகியிருக்க வேண்டும்.

பால் வெட்டு இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் தொழில். விடியுமுன் கத்தியுடன் போகிறீர்கள். பட்டையில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டவேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்துக்குக் காயம். சரியாக வெட்டினீர்களா என்று காலை பத்து மணிக்குள் பால் சேரும் சிரட்டையே சொல்லிவிடுகிறது. இத்தனை வருடம் ஒன்றுவிட்டு ஒரு நாள் இந்தப் பரீட்சையை எழுதியிருக்கிறீர்கள். எந்த மரம் இன்னும் மூன்று வருடம் தாங்கும், எந்த மரத்தின் பட்டை வறண்டுவிட்டது என்பதில் உங்கள் சொல்லுக்கு மேல் எனக்கு வேறு அறிக்கை தேவையில்லை.

மார்த்தாண்டத்துக் கடை வேறு. நீங்கள் ஒரு கடைகூட வாங்கி விற்றதில்லை, உங்கள் மகனும் வாங்கியதில்லை. அங்கே உங்கள் இருவரின் மனசுக்கும் பயிற்சி கிடையாது. ஆகவே காகிதத்தைத்தான் பார்க்கவேண்டும். எட்டுக் கடைகளுக்கு மேல், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எழும் வளாகம் என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த பிறகே விற்கலாம். பதிவு எண், வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், கட்டட அனுமதி நான்கும் இல்லாமல் பேச்சே இல்லை. வாடகை உறுதியையும் பாருங்கள். மாதம் 38,000 வீதம் மூன்று வருடத்துக்கு 13 லட்சத்து 68 ஆயிரம். அந்தத் தொகையை முன்கூட்டியே கடை விலையில் ஏற்றிவிட்டு, உங்கள் பணத்தையே மாதாமாதம் உங்களுக்குத் திருப்பித் தர முடியும். நான்காவது வருடம் என்ன வாடகை வரும் என்பதுதான் கடையின் உண்மையான விலையைச் சொல்லும். மகன் ஊருக்கு வரும்போது அதே சாலையில் நடந்துபோய், ‘வாடகைக்கு’ என்ற பலகை எத்தனை தொங்குகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று கடைக்காரர்களிடம் என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

உங்கள் மகனுக்கும் ஒன்று சொல்லவேண்டும். தம்பி, உங்கள் கணக்கில் வாடகை வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்று போட்டிருப்பீர்கள். ரப்பர் பத்து வருடமும் கிலோ என்ன விலை என்று ஓர் எண் போட்டிருப்பீர்கள். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? மனசில் தோன்றியதுதானே? கட்டம் போட்டு எழுதியதால் அது ஆய்வு ஆகிவிடாது. கோட்டயம் சந்தையில் ஆர்எஸ்எஸ்-4 எனப்படும் புகையூட்டிய ரக ரப்பர் ஷீட் 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே போனது. 2024 ஆகஸ்டில் 247-ஐத் தொட்டது. அம்மாவின் கணக்கை 100 ரூபாயில் ஒருமுறையும் 240 ரூபாயில் ஒருமுறையும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் நிற்கிற முடிவுதான் முடிவு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2011-இல் அருமனைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் கடன் வாங்கி இன்னொரு தோட்டம் சேர்க்கலாமா என்று கேட்டார். கிலோ 220 என்று வைத்துக் கணக்குப் போட்டு, தாராளமாக வாங்கலாம் என்றேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார், “இந்த விலை நிற்காது மக்களே” என்றார். நான் கேட்காத கேள்வியை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தால், போகிற வழியெல்லாம் புதுக் கன்று நட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். கன்று பாலுக்கு வர ஏழு வருடம். விலை ஏறிய காலத்தில் இங்கே மட்டுமல்ல, தென்கிழக்கு ஆசியா முழுவதும் நட்டார்கள். எல்லாம் பாலுக்கு வந்தபோது விலை சரிந்தது. அந்தக் கடனை அடைக்க வாடிக்கையாளர் புதிதாக வாங்கிய தோட்டத்தையே விற்கவேண்டி வந்தது.

இப்போது உங்களுக்குக் கசப்பான பகுதி. ஓரிடத்தில் மகன் சொல்வதே சரி. 600 கிலோ, 190 ரூபாய் என்றால் 1,14,000. அதில் உங்கள் உழைப்புக்குக் கூலி வைக்கவில்லை. வருடத்தில் 120 நாள் வெட்டினீர்கள், நாளுக்கு 600 ரூபாய் என்று வைத்தாலும் 72,000. மிச்சம் 42,000. அறுபது லட்சம் மதிப்புள்ள நிலம் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. தோட்டம் உங்களுக்குத் தருவது பெரும்பாலும் உங்கள் கூலியைத்தான், அம்மா. 28 வருட மரத்தில் இனி அதுவும் குறையும்.

நிலத்தை விற்கக் கூடாது என்று தோன்றுகிறதே, அதை என் கேள்வியால் சோதித்துப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள்? கணவருடன் நட்ட கன்று, சேர்ந்து வெட்டிய காலை நேரம். அது பாசம். அதற்கும் முடிவில் இடம் உண்டு. ஆனால் 150 சென்ட் அளவுக்கு இடம் வேண்டுமா, 90 சென்ட் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

என் யோசனை இது. 60 சென்டைப் பிரித்து விற்றுவிடுங்கள். இப்போது கேட்கிற விலை சென்டுக்கு 40,000 ஆகிறது. 24 லட்சம் வரும். வாங்குபவர் முழுவதாகத்தான் வேண்டும் என்றால் வேறு ஆள் வரும்வரை பொறுத்திருங்கள், உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் பெயரில் 9 லட்சம் வரை போடலாம். இப்போதைய 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 ரூபாய். 12 லட்சத்தை நான்கு நான்காக மூன்று வங்கிகளில் வைப்பு வையுங்கள். வங்கி முறிந்தால் காப்பீடு ஒரு வங்கிக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான், அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன். 6.5 சதவீதம் கிடைத்தால் மாதம் 6,500. இரண்டும் சேர்ந்து 12,050. கத்தியைத் தொடாமலே உங்கள் தேவை முடிந்துவிடும். 60 வயது ஆனதும் இந்த 12 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுங்கள். இன்றைய 8.2 சதவீதம் அப்போதும் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 வரும். மீதி 3 லட்சம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எஞ்சும் 90 சென்டில் பாதியை மட்டும் ரப்பர் மறுநடவு செய்யுங்கள். முதல் மூன்று வருடம் ஊடே வாழையோ அன்னாசியோ போடலாம். மறுநடவுக்கு ரப்பர் வாரியத்தின் உதவி இப்போது என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். அது பாலுக்கு வரும்போது உங்களுக்கு 64 வயது. ஆள் வைத்துத்தான் வெட்டவேண்டும், ஆகவே அதற்கு மேல் வேண்டாம். மற்றப் பாதியில் நல்ல மரங்களை இன்னும் இரண்டு மூன்று வருடம் வெட்டிவிட்டு, பிறகு கமுகும் நல்லமிளகும் வைப்பீர்களா என்பதை என்னைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள். பட்டா இன்னும் கணவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றுடன் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். விவசாய நிலத்துக்கான வரிவிலக்கு, நகர எல்லையிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்தது. கிரயத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் கிளைன் சொன்ன இன்னொன்றையும் செய்யுங்கள். 2032-ஆம் வருடம், எடுத்த முடிவு தோற்றுப்போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று நீங்களும் மகனும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. உங்கள் தாளில் காற்று இருக்கும் என்று நினைக்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது நம் மலையோரத்தில் ரப்பர் மரங்கள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதைப் பார்த்தவர் நீங்கள். மகனின் கணக்கில் அதற்குக் கட்டமே இருக்காது. அவர் தாளில் உங்கள் முழங்கால் இருக்கக்கூடும். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த வெட்டு நாளில் கையில் கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு போங்கள். இன்னும் மூன்று வருடம் தாங்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிற மரங்களுக்கு மட்டும் ஒரு கோடு போடுங்கள், யோசிக்க வேண்டாம். 280-இல் எத்தனை, தோட்டத்தின் எந்தப் பக்கம் அதிகம் என்று எனக்கு எழுதுங்கள். எந்த 60 சென்டைப் பிரிப்பது என்பதை அதை வைத்துப் பேசலாம்.