கலங்கலில் அடுக்கிய மணல் மூட்டையை முதலில் எடுங்கள்

கேள்வி: எங்கள் பட்டா நிலத்தில் மழைநீர் இறங்கும் பள்ளத்தை மறித்து அப்பா 24 வருடங்களுக்கு முன்பு மண் அணை கட்டினார். கீழ்நிலத்தில் இருக்கும் சித்தப்பா மகனும் மதகு வழியாகத் தண்ணீர் எடுக்கிறார். அப்பா போன பிறகு எங்களை மதிப்பதே இல்லை, நாலு பேர் முன்னால் கேவலமாகப் பேசுகிறார். மீன் வளர்ப்புக்காகக் கலங்கலில் (உபரி நீர் வெளியேறும் வழியில்) மணல் மூட்டை அடுக்கி ஒன்றரை அடி கூடுதலாகத் தேக்கினேன். கரை கசிகிறது என்று வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். மதகை மூடிவிடலாமா?

பதில்: அவர் பேசியது எதுவும் வழக்குக்கு உதவாது. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மணல் மூட்டைதான் விஷயம்.

தேக்கிய தண்ணீர் வெளியேறிச் சேதம் செய்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் தேக்கியவர் பொறுப்பு. 1868-ல் இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் வழக்கில் வந்த இந்த விதியே ஒரு தனியார் நீர்த்தேக்கத்தால் பிறந்ததுதான். ஜமீன் ஏரி உடைந்து ரயில்வேக்குச் சேதமான வழக்கில் 1874-ல் பிரிவி கவுன்சில் (அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) ஜமீன்தாரைப் பொறுப்பிலிருந்து விடுவித்ததே என்று கேட்பார்கள். அவை ஊருக்காகக் காலங்காலமாக இருந்த ஏரிகள், பராமரிப்பது அவர் கடமை. உங்களுடையது சொந்த வசதிக்குக் கட்டியது.

மிச்சம் இருப்பதில் முக்கியமானது ‘எதிர்பாராத பெருமழை, தெய்வச் செயல்’ என்ற வாதம். கட்டியதிலும் பராமரித்ததிலும் குறையில்லாதவருக்குத்தான் அது கிடைக்கும். உபரி நீர் போகும் வழியை நீங்களே அடைத்திருக்கிறீர்கள். வெள்ளம் கரை மேலே ஏறி வழிந்தால் மண் கரை நிற்காது. நோட்டீஸ் வேறு வந்துவிட்டது, இனி ‘எனக்குத் தெரியாது’ என்று கூண்டில் சொல்ல முடியாது. கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கோபத்தில் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டு, கரை போனபின் வருவார்கள். அப்போது நிலத்தை விற்றுத்தான் நஷ்டஈடு கட்ட வேண்டியிருக்கும்.

மதகை மூடவே மூடாதீர்கள். மூடினால் நீர்மட்டம் ஏறும், கசிவு கூடும். கசியும் நீர் மண் கலந்து வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். அன்றே நீர்மட்டத்தை மெதுவாக இறக்குங்கள். அப்புறம், 20 வருடம் தடையில்லாமல், உரிமையாக எடுத்த தண்ணீருக்கு வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் சொத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றியது) 15-ஆம் பிரிவில் அவர் உரிமை கேட்கலாம். அப்பா அனுமதித்துத்தான் எடுத்தார் என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுச்சீட்டாவது இருக்கிறதா? மூடிய மறுவாரமே தடையாணைக்குப் போவார்.

சமாதானமாகப் போங்கள். மூட்டையை எடுத்து, படம் பிடித்து, தேதியோடு நோட்டீஸுக்குப் பதில் போடுங்கள். ஒரு பொறியாளரிடம் கரையைக் காட்டி எழுத்தில் வாங்குங்கள். பிறகு சித்தப்பா மகனோடு ஒப்பந்தம்: தண்ணீர் உங்கள் அனுமதியின் பேரில் போகிறது, மதகு, கரைச் செலவில் அவருக்கும் பங்கு. அவர் கையெழுத்துப் போட்டால் அந்த 20 வருட வாதம் வலுவிழந்துவிடும். மீனுக்கு ஒன்றரை அடி குறைந்தால் குறையட்டும்.