கம்போஸ்ட் போட்ட பக்கம் மட்டும் மக்காச்சோளம் மஞ்சளானது ஏன்?

கேள்வி: சில வருடங்களாக யூரியா, டிஏபி உரங்களை மட்டுமே போட்டு மக்காச்சோளம் செய்கிறேன். மண் இறுகிவிட்டது, மழை பெய்தால் மேலே ஏடு கட்டுகிறது. போன பட்டத்தில் பாதி நிலத்துக்கு உரத்தை நிறுத்திவிட்டு, சொந்தமாகத் தயாரித்த கம்போஸ்டை மட்டும் போட்டேன். அந்தப் பக்கம் பயிர் ஒரு மாதத்திலேயே மஞ்சளாகிவிட்டது. கம்போஸ்ட் சரிப்படாதா?

பதில்: கம்போஸ்டை விட்டுவிடாதீர்கள். உங்கள் மண்ணுக்கு இப்போது அவசரமாக வேண்டியதே அதுதான். அதை யூரியாவுக்கு மாற்றாக நினைத்ததில்தான் சிக்கல்.

உங்கள் கம்போஸ்ட் முழுசாக மட்கவில்லை என்று நினைக்கிறேன். அரைகுறையாக மட்கிய குப்பையை மண்ணில் போட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். அடி இலையின் நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக 'வி' வடிவில் மஞ்சள் இறங்கியிருந்தால் அது தழைச்சத்துக் குறைதான்.

இந்த முறை ஒரு கைப்பிடி கம்போஸ்டை ஈரமாக்கி, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் வையுங்கள். பிரிக்கும்போது மழை பெய்த மண் வாசனை வந்தால் போடலாம். மூக்கைத் துளைக்கும் நாற்றம் வந்தால், குவியலைப் புரட்டிவிட்டு இன்னும் சில வாரம் பொறுங்கள்.

நன்றாக மட்கியதிலும் தழைச்சத்து மெதுவாகத்தான் கிடைக்கும். ஏக்கருக்கு 5 டன் போடுகிறீர்கள், அதில் 1 சதவீதம் தழைச்சத்து என்றால் மொத்தம் 50 கிலோ. முதல் பயிருக்குக் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 10 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், சுமார் 20 கிலோ யூரியாவை மட்டும் குறைக்கலாம். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பது, ஏடு கட்டாமல் காப்பது, போட்ட உரம் தண்ணீரோடு கீழே இறங்கிவிடாமல் தாங்குவது எல்லாம் யூரியாவால் ஆகாது. அதனால்தான் இரண்டும் சேர வேண்டும் என்கிறேன்.

கம்போஸ்டைக் கடைசி உழவில் பரப்பி மண்ணோடு கலந்துவிடுங்கள். டிஏபியை அடியுரமாக, விதைக்கு இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். விதையை ஒட்டி விழுந்தால் முளை கருகும். தழைச்சத்தைக் கால், அரை, கால் என்று மூன்றாகப் பிரியுங்கள். கால் பங்கு அடியுரம் (டிஏபியில் உள்ளதையும் இதில் கணக்கிடுங்கள்), அரைப் பங்கு 25ஆம் நாள், மீதி 45ஆம் நாள். பயிர் முழங்கால் உயரத்திலிருந்து ஆண்பூ வரும் வரைதான் அதிகம் கேட்கும். அந்த வேகத்துக்குக் கம்போஸ்ட் மட்டும் ஈடுகொடுக்காது. யூரியாவை ஈர மண்ணின் மேல் தூவிவிட்டு வந்துவிடாதீர்கள், பாதி காற்றோடு போய்விடக்கூடும். தூரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டு உடனே மண் அணையுங்கள்.

அப்புறம், மண் பரிசோதனை செய்யாமல் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) குறைக்க வேண்டாம். நான்கு வரிசைக்கு மட்டும் கம்போஸ்ட் போடாமல் விட்டு, அறுவடையில் அந்தக் கதிர்களைத் தனியாக எடை போட்டுப் பாருங்கள். அடுத்த பட்டத்துக்கு எவ்வளவு போடலாம் என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.