பெரிய இயக்குநர் எடுத்த கச்சேரிப் படம்: டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' பலமுறை பார்த்த கச்சேரிப் படம். அதே நம்பிக்கையில் அவர் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழுவை வைத்து எடுத்த 'ஷைன் எ லைட்' புளூ-ரே டிஸ்க்கை ஆன்லைனில் வாங்கினேன். கிட்டாரை ரசிக்க ஆரம்பிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது. பாட்டுக்கு நடுநடுவே பழைய பேட்டிகள் வேறு. டிவியில் குரலும் அமுங்கிக் கேட்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: படம் பிடிக்கவில்லை என்பதற்காகப் பணத்தைத் திரும்பப் பெற சட்டத்தில் வழி இல்லை. கடைக்காரர் தாமாக ஒப்புக்கொண்டால்தான் உண்டு. உறை பிரித்த டிஸ்க்கை அநேகமாக யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் டிஸ்க் ஓடாமல் நின்றாலோ, விற்பனைப் பக்கத்தில் சொன்னதற்கு மாறாக வேறு பதிப்பு வந்திருந்தாலோ நிலைமை வேறு. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையும் விளம்பரத்துக்குப் பொருந்தாத பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பின் அட்டையின் படம் மூன்றையும் வைத்து முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

படத்தைப் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானதுதான். 2006 அக்டோபர் 29, நவம்பர் 1 ஆகிய இரண்டு இரவுகளில், நியூயார்க் பீக்கன் தியேட்டரில் எடுத்தது இது. ஒளிப்பதிவு ராபர்ட் ரிச்சர்ட்சன். அவருக்குக் கீழே கேமராவைப் பிடித்தவர்களே ஜான் டோல், எம்மானுவேல் லுபெஸ்கி மாதிரியான பெரிய ஒளிப்பதிவாளர்கள். இத்தனை பேர் எடுத்த காட்சிகள் கையில் இருந்தால் எடிட்டிங்கில் எல்லாவற்றையும் நுழைத்துவிடத் தோன்றும். விரல் தந்தியில் இறங்கும்போது முகத்துக்குத் தாவுகிறது, முகம் மலரும்போது மேடையின் அகலத்துக்குப் போய்விடுகிறது. 1976-ல் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' எடுத்தபோது பாட்டின் எந்த வரிக்கு எந்தக் கேமரா என்று முன்னதாகவே எழுதி வைத்திருந்தார்கள். இங்கே பாட்டு வரிசையே கடைசி நேரம் வரை இயக்குநர் கைக்கு வராததைப் படத்தின் தொடக்கத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

இரண்டு படத்திலும் மனதில் நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' படத்தில் புளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் பாடும்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேமரா. 'ஷைன் எ லைட்' படத்தில் புளூஸ் கிட்டார் கலைஞர் பட்டி கை வரும் பாட்டில் கேமரா ஒரு கட்டத்தில் அவர் முகத்தை விட்டு நகராமல் நிற்கிறது. பாட்டு முடிந்ததும் ஸ்டோன்ஸின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் தன் கிட்டாரையே அவரிடம் நீட்டுகிறார். அந்த ஒரு பாட்டுக்காகவாவது டிஸ்க்கை வைத்துக்கொள்ளுங்கள் என்போம்.

குரல் அமுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இணைப்புதான். பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் 5.1 ஒலியில் பாடகர் குரல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் அதைச் சுருக்கும்போது குரல் அடங்கிப்போகும். டிஸ்க்கின் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் பிளேயரின் ஒலி வெளியீட்டை பிசிஎம் ஸ்டீரியோவில் வையுங்கள். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் 'நைட் மோட்' ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள், டிரம்ஸின் அடியே அதில் தட்டையாகிவிடும். டிவியில் அசைவை மிருதுவாக்கும் வசதியையும் நிறுத்துங்கள். வினாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் வரும் படம் அதனால்தான் சீரியல் மாதிரித் தெரிகிறது.

அடுத்த முறை வாங்குமுன், டிரெய்லரை விட்டுவிட்டு, அந்தப் படத்திலிருந்து அதிகாரபூர்வமாக வெளியிட்ட ஒரு முழுப் பாட்டைத் தேடிப் பாருங்கள். தனி வாசிப்பு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு நிமிடம், காட்சி எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுங்கள். இருபதைத் தாண்டினால் வாசிப்பைப் பார்க்க விரும்புகிறவருக்கு அந்தப் படம் ஒத்துவராது. ஜானதன் டெம்மி 1984-ல் தந்த 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' படத்தின் முதல் பாட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே புரியும்: வெறும் மேடை, ஒரு கிட்டார், ஒரு டேப் பிளேயர், பாடகர் டேவிட் பைர்ன்.

வெளிநாட்டுப் பதிப்பென்றால் பின் அட்டையில், எந்தப் பகுதி பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று காட்டும் மண்டல எழுத்தைப் பாருங்கள். புளூ-ரேவுக்கு இந்தியா சி, அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி. 4கே டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை.